இரவில் வழிகாட்டியுடன் பேய்க்கதை கேட்டபடி பழைய நகரைச் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அது பயனுள்ளதா?

ஒருமுறை பார்த்திருக்கிறேன். வழிகாட்டி நல்லவராக வாய்த்தால் பயனுள்ளது என்பதே என் பதில். யோர்க், எடின்பரோ போன்ற நகரங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு இத்தகைய நடைகளை நடத்துகிறார்கள். நான் நடந்தது மட்டக்களப்பின் பழைய நகர்ப்பகுதியான புளியந்தீவில். வழிகாட்டியாக வந்தவர் எனக்குத் தாய்மாமன் முறையான, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவர் பெற்ற கட்டணம் ஒரு கோப்பை பிளேன்ரீ மட்டுமே.

இலண்டனிலிருந்து வந்திருந்த என் ஒன்றுவிட்ட அண்ணனின் பிள்ளைகள் கேட்டதனால்தான் அந்த ஏற்பாடு. அண்ணி யாழ்ப்பாணத்தவர். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பழைய பேச்சைக் கேட்டு வளர்ந்த அவர், பேய் பார்க்க வேறு போக வேண்டுமா என்று சிரித்தபடியே புறப்பட்டார். மாலை ஆறரை மணிக்குக் காந்தி பூங்காவில் கூடினோம்.

கோட்டை மதிலோரம் வந்ததும் மாமா குரலைத் தாழ்த்தினார். நள்ளிரவில் உள்ளே சங்கிலி இழுபடும் ஓசை கேட்கும் என்று என் பாட்டி, எங்கள் வழக்கில் பெத்தா, சிறுவயதில் எனக்குச் சொன்ன அதே கதையை, பிள்ளைகள் தாயின் கையைப் பற்றிக்கொள்ளும் வரை, அவசரமின்றிச் சொன்னார். சொல்லி முடித்த பின்பே, 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய இக்கோட்டை பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் கைக்குப் போனதையும், பிரித்தானியர் காலத்திற்குப் பிறகும் நெடுங்காலம் இங்கே கச்சேரி எனப்படும் மாவட்ட அரச செயலகம் இயங்கியதையும் விளக்கி, கரையில் கட்டிய தோணிகள் அலையில் அசையும்போது எழும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கச் சொன்னார். கதையை முழுமையாகச் சொல்லிவிட்டு, அது எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்பதையும் காட்டுபவரே நல்ல வழிகாட்டி என்பேன்.

வில்லியம் ஓல்ட் பாதிரியாரைப் பற்றிப் பேசியபோது மாமா பேயைச் சேர்க்கவேயில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு 1814இல் வித்திட்ட அந்தப் பாதிரியார், இலங்கைக்கு வரும் கப்பலிலேயே மனைவியை இழந்து, தனியே இங்கு வந்து, ஓராண்டு நிறைவதற்குள், 1815 ஏப்ரலில், தாமும் இறந்துபோனார். இதில் பேய் எங்கே என்று சின்னவன் கேட்டான். இதற்கு எதற்கடா பேய் என்றார் மாமா.

பின்னர் ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்தோம். அதன் முனையில் படலை சாத்திய ஓர் இருண்ட வளவு இருந்தது. பூவரசு மதிலுக்கு மேலாகச் சரிந்து நின்றது. கதைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பதால் நானே தூண்டினேன். மாமா நடையை நிறுத்தாமல், “அது வேண்டாம் மருமகன், அந்தப் பிள்ளையின் தாய் இன்னும் இருக்கிறா” என்று மட்டும் சொன்னார். போர்க்காலத்தில் காணாமற் போனவர்களை நினைத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் பல உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செத்த ஒல்லாந்தனைப் பேயாக்கலாம். அவனுக்காக அழ இங்கு எவருமில்லை. இத்தகைய நடைக்கு ஆயத்தம் செய்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே எச்சரிக்கை இதுதான். தெருநாய்களையும் நுளம்பையும் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம்.

கடைசியாக முச்சக்கரவண்டியில் கல்லடிப் பழைய பாலத்தடிக்குப் போனோம். அன்று பௌர்ணமிக்கு முதல் நாள். தெரிந்த மீனவர் ஒருவரின் தோணியில் ஏறி, துடுப்பின் ஒரு முனையை வாவி நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடித்தோம். முதலில் நீரின் இரைச்சல் மட்டுமே கேட்டது. சற்றுப் பொறுத்த பின், தளர்ந்த தந்தியை யாரோ விரலால் தொட்டு விடுவது போல் ஒரு சிறு ஒலி, இடைவெளி விட்டு இன்னொன்று. பாடும் மீன் என்று ஊர் சொல்லும். நத்தை போன்ற ஊரிதான் அப்படி ஒலிக்கிறது என்பார்கள் மீனவர்கள். சின்னவன் துடுப்பைத் தர மறுத்துவிட்டதால் அண்ணிக்கு முறை வரவில்லை. அடுத்த பௌர்ணமிக்குத் தனியே வருவதாக அவர் மாமாவிடம் சொல்லிவைத்தார்.