கர்ப்பப்பையை எடுக்கும் முன் மயக்க மருந்து டாக்டரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 47. மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. மாதவிடாய் பத்து நாள் வரை போகிறது, ஹீமோகுளோபின் 8.6. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்க ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன்தான். முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள், அன்றிலிருந்து இடுப்புவலி. என் சின்னம்மாவுக்கு ஓர் ஆபரேஷனில் மயக்கம் தெளியாமல் விடிய விடிய மெஷினில் வைத்திருந்தார்களாம். எனக்கும் அப்படி ஆகிவிடுமா? முழு மயக்கமா, பாதி மயக்கமா, எது நல்லது? வேறு என்ன சிக்கல்கள் வரலாம்?

பதில்: சகோதரி, நீங்கள் பயந்து பயந்து எழுதியிருக்கும் சின்னம்மா கதைதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் வேண்டிய தகவல். அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் மயக்க மருந்து கிளினிக்கில் முதல் ஆளாகச் சொல்லுங்கள்.

ஏன் என்றால், மயக்க மருந்து டாக்டர்களான நாங்கள் முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஒன்றும் கொடுப்போம். அவற்றில் சக்சமெத்தோனியம் என்ற மருந்தை ரத்தத்தில் உள்ள ஒரு நொதி சில நிமிடங்களில் உடைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. அவர்களுக்கு அந்த மருந்தின் வேலை சில நிமிடங்களில் முடியாமல் மணிக்கணக்கில் நீடிக்கும், தானாக மூச்சுவிட முடியாது. மெஷின் மூச்சுவிடும், தசைகள் மெல்லத் திரும்பும், பிறகு டியூபை எடுத்துவிடுவார்கள். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு அது யுகமாகத் தெரியும். இது பரம்பரையாக வருவது. தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தில் இது அதிகம் காணப்படுவதாக ஆய்வுகளே உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் நொதியின் அளவு தெரிந்துவிடும். குறைவு என்றால் அந்த ஒரு மருந்தைத் தொடாமல் வேறு மருந்து கொடுப்போம், அவ்வளவுதான்.

சின்னம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அதிக ரத்தப்போக்கோ வேறு காரணமோ இருந்திருக்கலாம். அதனால் வீட்டில் பெரியவர்களிடம் விசாரியுங்கள்: எந்த மருத்துவமனை, எந்த வருஷம், அன்று கடுமையான காய்ச்சல் கண்டதா, தசைகள் விறைத்துக்கொண்டனவா, போகும்போது கடிதமோ அட்டையோ கொடுத்தார்களா. காய்ச்சலையும் விறைப்பையும் கேட்பதற்குக் காரணம், மயக்க வாயுவால் உடல் திடீரெனக் கொதிக்கும் இன்னொரு பரம்பரைக் கோளாறும் உண்டு. அது மிக அரிது, ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழியில் மயக்கம் கொடுக்கலாம்.

இனி, கண் விழிப்பேனா என்ற கேள்வி. மயக்க மருந்து என்பது ஒரு தடவை ஊசி போட்டுவிட்டு, பிறகு தெளிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் சமாசாரம் இல்லை. ஆபரேஷன் முடியும்வரை நரம்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ அளந்து அளந்து கொடுத்துக்கொண்டே இருப்போம். நிறுத்தினால் உடல் தானாக அதை வெளியேற்றும். அறுவை செய்பவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்களில் ஒருவர் உங்கள் தலைமாட்டிலேயே நின்று இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், நீங்கள் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்போம். மற்றபடி ஆரோக்கியமானவர் மயக்க மருந்தால் மட்டுமே இறப்பது லட்சத்தில் ஒருவர் என்ற அளவில்தான். ‘பாதியில் முழிப்பு வந்துவிட்டால்?’ என்று பலர் கேட்பார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடு முழுக்க எடுத்து 2014-ல் வெளியான கணக்கில், முழு மயக்கத்தின்போது நினைவு வந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர்.

உங்கள் பயத்தை நீங்கள் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பது என் கருத்து. பிரிட்டனின் மகப்பேறு, பெண்ணோயியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி, புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுக்கும் பெண்களுக்குச் சொல்லச் சொன்ன கணக்கைப் பாருங்கள். ஏதாவது ஒரு பெரிய சிக்கல் வருவது 100-ல் 4 பேருக்கு. ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போக்கு 1,000-ல் 23 பேருக்கு. சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க் குழாயிலோ காயம் 1,000-ல் 7 பேருக்கு. மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் போக நேர்வதும் அதே 7. கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைவது 1,000-ல் 4 பேருக்கு. குடலில் காயம் 10,000-ல் 4 பேருக்கு. ஆறு வாரத்துக்குள் மரணம் 1,00,000-ல் 32 பேருக்கு. முக்கியக் காரணங்கள் நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டியும் இதய நோயும். மேலே சொன்ன லட்சத்தில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்குச் சிறுநீர்ப்பை கர்ப்பப்பையின் தழும்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பிரிக்கும்போது காயம் படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அறுவை செய்யும் டாக்டரிடம் இதை நேராகக் கேளுங்கள். கூடவே சினைப்பைகளை என்ன செய்யப்போகிறார் என்றும் கேளுங்கள். 47 வயதில் இரண்டையும் எடுத்தால் மாதவிடாய் நின்ற நிலை ஒரே நாளில் வந்துவிடும். கையெழுத்துப் போடும் அன்று அல்ல, இப்போதே கேட்க வேண்டியது அது.

உங்கள் ஹீமோகுளோபின் 8.6-க்கு வருகிறேன். எனக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான். ரத்தம் போகக்கூடிய ஆபரேஷனுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்போடு போகிறீர்கள். சாதாரணமாகத் தாங்கக்கூடிய இழப்பே உங்களுக்கு ரத்தம் ஏற்றும் நிலையைக் கொண்டுவரும், புண் ஆறுவதும் தாமதமாகும். கையில் ஆறு வாரம் இருப்பது நல்ல விஷயம், ஆனால் அது இரும்பு மாத்திரைக்கு மட்டும் கொஞ்சம் குறைவான காலம். பெருக்கெடுத்துப் போய்க்கொண்டிருக்கும்போது மாத்திரை ஊட்டுவதற்கு முன்னால் உடம்பு இழந்துவிடும். அதனால் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்ற முடியுமா, ஆபரேஷன்வரை மாதவிடாயைக் கட்டுப்படுத்த டிரானெக்சாமிக் அமிலமோ ஹார்மோன் ஊசியோ தர முடியுமா. மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதைத் தே தாரிக்கோடு விழுங்காதீர்கள். தேயிலை இரும்பை உடம்பில் ஏறவிடாது. வெறும் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ போதும், தேநீரை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தேதி நெருங்கியும் அளவு ஏறவில்லை என்றால் தள்ளிப்போடச் சொல்வது கோழைத்தனம் இல்லை. புற்றுநோய் இல்லாத கட்டி ஒரு மாதம் காத்திருக்கும்.

சர்க்கரையும் அப்படித்தான். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 8.5-ஐத் தாண்டினால், அவசரம் இல்லாத ஆபரேஷனை ஒத்திவைத்துச் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் மாத்திரையின் பெயர் கடிதத்தில் இல்லை. அது எம்பாகிலிஃப்ளோசின், டாபாகிலிஃப்ளோசின் வகையாக இருந்தால் பொதுவாக மூன்று நாள் முன்னதாகவே நிறுத்தச் சொல்வோம். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். யாருக்கும் சட்டென்று பிடிபடாத ஆபத்து அது. நீங்களாக நிறுத்தாதீர்கள், பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உடல் எடைக்காக வாரம் ஒரு முறை ஊசி போடுகிறவர்கள் அதையும் மறைக்கக்கூடாது, சாப்பாடு வயிற்றிலேயே தங்கிவிடும்.

மறைப்பது என்றதும் நினைவுக்கு வருவது நாட்டு மருந்து. டாக்டர் திட்டுவார் என்று சொல்லாமல் விடுகிறார்கள். இடுப்புவலிக்கு நீங்கள் ஏதாவது ‘மூலிகை’ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நம் நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மூட்டுவலிக்கு விற்கும் பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்திவிடும், அப்புறம் ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் திடீரெனச் சரியும். தெரிந்தால் மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம், தெரியாவிட்டால் காரணம் தேடிக்கொண்டிருப்போம். பாக்கெட்டையே எடுத்துப்போங்கள். பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இல்லாதது என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். பூண்டு, ஜின்செங், மீன் எண்ணெய் மாத்திரைகளையும் சொல்லுங்கள், ரத்தம் உறைவதை அவை பாதிக்கலாம்.

முழு மயக்கமா, பாதி மயக்கமா? முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பாதியை மட்டும் மரத்துப்போகச் செய்வதுதான் பாதி மயக்கம். வார்டில் மலாயில் ‘பியுஸ் பெனு’, ‘பியுஸ் செபாரு’ என்பார்கள். அடிவயிற்றில் குறுக்காக (பிகினிக் கோட்டில்) வெட்டி, சிறிய கர்ப்பப்பையை எடுப்பதற்கு முதுகு ஊசியே போதும், மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுதான் நல்லதும்கூட. உங்கள் விஷயம் வேறு. கட்டி இருக்கிறது, பழைய தழும்பு இருக்கிறது, நேரம் எவ்வளவு பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதுகு ஊசியின் வேலை இரண்டு மூன்று மணி நேரத்தில் தேய்ந்துவிடும். உங்களுக்கு நான் சொல்லுவது முழு மயக்கம்தான், கூடவே முதுகில் சிறிதளவு மார்ஃபின் கொடுத்தால் முதல் நாள் வலி வெகுவாகக் குறையும் (உடம்பு கொஞ்சம் அரிக்கும்). லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்வது) என்று முடிவு மாறினாலும் முழு மயக்கமே வழக்கம். வயிற்றில் வாயுவை நிரப்பித் தலையைத் தாழ்த்திப் படுக்கவைக்கும்போது விழித்திருந்து மூச்சுவிடுவது சிரமம். கடைசி முடிவு உங்களை நேரில் பார்க்கும் டாக்டருடையது.

முதுகு ஊசியால் இடுப்பு போய்விடும் என்பது பினாங்கு முழுக்கப் பரவியிருக்கும் நம்பிக்கை. ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், உண்மை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால இடுப்புவலி இரு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. கர்ப்பம், பிள்ளையைத் தூக்கிச் சுமந்தது, தொழிற்சாலையில் நின்று வேலை பார்த்தது இவற்றுக்குத்தான் முதுகு கணக்கு வைத்திருக்கும். உண்மையில் வரக்கூடியது தலைவலி: எழுந்து உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் குறையும். இன்றைய மெல்லிய ஊசிகளால் அது குறைந்துவிட்டது, சிகிச்சையும் உண்டு. நிரந்தர நரம்புப் பாதிப்பு மிக மிக அரிது.

கிளினிக்கில் வாயைத் திறக்கச் சொல்வார்கள். வெற்றிலை பாக்கு பல வருஷம் போட்டவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் இறுகி வாய் முழுதாகத் திறக்காது, டியூப் போடுவது கடினமாகும். அன்று தெரிந்தால் அதற்கான கருவியோடு தயாராக இருப்போம். ஆடும் பல், பல்செட், பலத்த குறட்டை எல்லாவற்றையும் சொல்லுங்கள். குறட்டையைப் பற்றி வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள், நமக்கே தெரியாது. திருகு மூக்குத்தியை முன்னாலேயே நகைக் கடையில் கழற்றிவிடுங்கள், தியேட்டர் வாசலில் அது அசையவே அசையாது. ரத்தத்தை நிறுத்தப் பயன்படும் மின்கருவியால் உடம்பில் படும் உலோகத்தின் அருகே சுடலாம். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் தங்கத்தை எடுத்துவைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் வருகிறார்கள், எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. விரலில் நகப்பூச்சும் கரும் மருதாணியும் வேண்டாம், ஆக்சிஜன் அளக்கும் கருவி தடுமாறும்.

பட்டினி: திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தெளிந்த பானம் இரண்டு மணி நேரம் வரை சரி. தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) தெளிந்த பானம். பால் சேர்த்த எதுவும் சாப்பாட்டுக் கணக்கு. மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே கேளுங்கள்.

பெண், புகைபிடிக்காதவர், பஸ்ஸில் போனால் குமட்டுகிறவர், வலிக்கு மார்ஃபின் வகை வாங்கப்போகிறவர் என நான்கும் சேர்ந்தால் வாந்தி வரும் வாய்ப்பு 80 விழுக்காடு. ‘எனக்குப் பயணத்தில் வாந்தி வரும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முன்னாலேயே இரண்டு மூன்று மருந்து கொடுத்துவிடுவோம்.

வீட்டுக்கு வந்த பிறகு பாந்தாங் (பத்தியம்) என்று சொல்லி நாற்பது நாள் படுக்கவைக்கப் பார்ப்பார்கள். மருந்துச் சாப்பாடு, சுடுதண்ணீர்க் குளியல் இவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் படுத்தே கிடப்பதும், வயிற்றை இறுக்கிக் கட்டுவதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் காலில் ரத்தம் உறைய வழி செய்பவை. ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து உட்கார்ந்து நடக்கச் சொல்வார்கள், நடங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஊசியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கனமானதைத் தூக்காமல் இருக்க வேண்டியது ஆறு வாரம், நடக்காமல் இருக்க வேண்டியது ஒரு நாள்கூட இல்லை.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, விலாப் பக்கம் வலியோடு காய்ச்சல் கண்டாலோ, பெண்ணுறுப்பு வழியாகத் தண்ணீர் போல ஒழுகினாலோ, கட்டி கட்டியாக ரத்தம் போனாலோ அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காரை எடுத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம், 999-ஐ அழையுங்கள், கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் என்பதை முதலில் சொல்லுங்கள்.