ஸ்டார்ட் செய்யும்போது பஸ் வைஃபை அணைவது பற்றி

ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் ரவுட்டர் அணைந்து எழுகிறது, சிம்மை மாற்றியும் சரியாகவில்லை என்கிறீர்கள். பாவம், சிம் என்ன செய்யும்! செல்ஃப் மோட்டார் சுற்றும் ஓரிரு நொடியில் 24 வோல்ட் பேட்டரி சட்டென்று இறங்கும். ரவுட்டருக்காக 24 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் சாதாரண கன்வெர்ட்டர் அதைத் தாங்காது. வோல்ட் அளக்கும் மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடிக்கும் வசதி இருந்தால் கன்வெர்ட்டர் வெளியீட்டில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

9 முதல் 36 வோல்ட் வரை ஏற்று, நிலையாக 12 தரும் கன்வெர்ட்டர் போடுங்கள். மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்து எடுங்கள்.

அப்புறம், ரவுட்டர் டாஷ்போர்டுக்குள் இருக்கிறதென்றால் 4ஜி ஆன்டெனாவையாவது கூரைக்கு மேல் ஏற்றுங்கள். தகரக்கூரை சிக்னலைத் தின்றுவிடும். ஆன்டெனா கேபிள் நீளக் கூடாது. ரவுட்டரைக் கூரைக்கு அருகே நகர்த்துவது மேல்.