மெட்ராய்ட்வேனியா வகை கேம்கள் இவ்வளவு கடினமாக இருந்தும் ஏன் பலருக்குப் பிடிக்கின்றன?

'ஹாலோ நைட்' விளையாட்டைப் பத்து மணி நேரம் ஆடிவிட்டு, மேன்டிஸ் லார்ட்ஸ் என்ற பாஸ்களிடம் (பாஸ் என்றால் வழக்கமானவர்களைவிடப் பெரிய, வலிய எதிரி) தோற்றுச் சலித்து நிறுத்திவிட்டதாகவும், இந்த மெட்ராய்ட்வேனியா வகைக் கேம்களில் (ஒரே பெரிய உலகைச் சுற்றித் தேடி, புதிய சக்திகள் கிடைக்கக் கிடைக்க முன்பு போக முடியாத இடங்களைத் திறப்பவை) தொல்லையைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே மூன்று பூச்சிகளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் பறிகொடுத்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

நீங்கள் முட்டிக்கொண்டிருந்த கதவு, அந்த நேரத்தில் திறந்தே ஆக வேண்டிய கதவு அன்று. சுவரைப் பற்றி ஏற உதவும் மேன்டிஸ் கிளா, அந்தச் சண்டையில் இறங்காமலேயே அவர்கள் இருக்கும் அதே கிராமத்தில் கிடைத்துவிடும். அது கிடைத்தபின் சிட்டி ஆஃப் டியர்ஸ் என்ற பகுதிக்குப் போய், அங்குள்ள கொல்லனிடம் 250 ஜியோ (அந்த உலகின் நாணயம்) கொடுத்தால், உங்கள் ஆணியின் (அந்த உலகில் வாளுக்கு அதுதான் பெயர்) அடி 5-இலிருந்து 9 ஆக உயரும். முன்பு இருபது அடியில் விழுந்த எதிரி இனிப் பன்னிரண்டில் விழுவான். நான் பதினைந்து முறைக்கு மேல் செத்தபிறகுதான் இது எனக்கு உறைத்தது.

நேர்வழியில் செல்லும் ப்ளாட்ஃபார்மரில் (தாவித் தாவி முன்னேறும் கேம்) சிரமம் முழுவதும் கையில்தான் இருக்கிறது. 2018இல் வந்த 'செலஸ்ட்' அதற்கு நல்ல உதாரணம்: ஒரு திரை, ஒரு தாவல், விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மீண்டும் அதே இடம். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும் சில ஃப்ரேம்கள் (நொடியின் சிறு துணுக்குகள்) வரை தாவலை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அந்த விளையாட்டு நமக்குத் தெரியாமலேயே கருணை காட்டுகிறது. அங்கே தோற்றால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. விரல் தாமதித்தது, அவ்வளவுதான். தேடலை மையமாகக் கொண்ட விளையாட்டில் அந்தத் தெளிவு கிடையாது. ஒரு பள்ளத்தின் முன் நிற்கும்போது, இதைத் தாண்ட எனக்குத் திறமை போதவில்லையா, அல்லது இதற்கான சக்தி இன்னும் என்னிடம் வந்து சேரவில்லையா என்பது தெரியாது. என் கணிப்பில் இந்த வகையின் சுவையும் எரிச்சலும் இந்த ஒரே ஐயத்திலிருந்துதான் பிறக்கின்றன.

இந்த ஐயத்தை மிக அழகாகக் கையாண்டது 1994இல் வந்த 'சூப்பர் மெட்ராய்ட்'. ஆழமான ஒரு குழிக்குள் இறங்கிவிடுகிறீர்கள். ஏறி வர வழி தெரியவில்லை. ஏதோ ஒரு கருவியைத் தவறவிட்டுவிட்டோம் என்றே நினைப்பீர்கள். அங்கே சின்னஞ்சிறு உயிரினங்கள் மூன்று, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக உதைத்து உதைத்து மேலே ஏறிக் காட்டுகின்றன. ஒரு சொல்கூட விளக்கம் இல்லை. அவற்றைப் பார்த்து முயன்றால், அந்தத் தாவல் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே உங்கள் கையில் இருந்திருக்கிறது என்பது புரியும். முதல் சில முயற்சிகளில் எவருக்கும் சரியாக வராது என்பது வேறு விஷயம்.

'ஹாலோ நைட்' இதையே வழி தேடுவதில் செய்கிறது. புதிய பகுதிக்குள் நுழைந்தால் வரைபடம் இருக்காது. ஃபங்கல் வேஸ்ட்ஸ் என்ற பகுதியில் நான் ஒரே ஒரு மாஸ்க் (உயிரை அளக்கும் அலகு) உயிருடன், பெஞ்ச் (செத்தால் மீண்டும் தொடங்கும் ஓய்விடம்) எங்கே என்று தெரியாமல் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, தரையில் சில காகிதங்கள் சிதறிக் கிடந்தன. ஹெட்ஃபோனில் யாரோ முணுமுணுத்துப் பாடுவது மெல்லக் கேட்டது. அதுதான் வரைபடம் விற்கும் கார்னிஃபர். பெரிய பாஸ் ஒன்றை வீழ்த்தியபோதுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி வந்ததில்லை. தொடக்கத்திலேயே முழு மேப்பும் கையில் இருந்திருந்தால் அந்த முணுமுணுப்புக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

ஆனால் எல்லாச் சிரமத்தையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். சாவதில் எனக்கு வருத்தமில்லை. செத்த இடத்துக்குத் திரும்ப நடப்பதில்தான் வருத்தம். சோல் மாஸ்டர் என்ற பாஸிடம் தோற்கும் ஒவ்வொரு முறையும், மாயமாய் மறைந்து தோன்றித் துரத்தும் குண்டுகளை வீசும் எதிரிகளைக் கடந்து மேலே ஏற வேண்டும். மூன்றாவது தடவைக்குப் பிறகு அந்த நடை எதையும் கற்றுத் தருவதில்லை, பொறுமையைத் தின்கிறது. 2025 செப்டம்பர் 4 அன்று வெளிவந்த, 'ஹாலோ நைட்'டின் தொடர்ச்சியான 'சில்க்சாங்'கில் லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் போகும் பாதை இன்னும் மோசம். போதாததற்கு, தொடக்கத்தில் ஐந்து மாஸ்க் மட்டுமே இருக்கும்போது பல எதிரிகளின் ஒரே அடியில் இரண்டு மாஸ்க் போய்விடும். மூன்று அடியில் கதை முடிந்தது. ஒருமுறை குணப்படுத்திக்கொண்டால் மூன்று மாஸ்க் திரும்பிவிடுகிறது என்பது ஓரளவு ஈடுகட்டுகிறது, முழுவதுமாக அன்று. இவ்விரு கேம்களையும் உருவாக்கிய, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த சிறு குழுவினரே, வெளியான கொஞ்ச நாளில் மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு தொடக்கநிலை பாஸ்களைச் சற்றுத் தணித்தார்கள். இருந்தாலும், லாஸ்ட் ஜட்ஜை எதிர்கொள்ளாமலேயே அடுத்த பெரிய பகுதியான சிட்டடலுக்குள் நுழைய இன்னொரு நீண்ட சுற்றுவழியை அவர்கள் வைத்திருப்பதால், அவர்கள்மீது முழுக் கோபம் வரவில்லை.

நினைவாற்றலுக்கு வரும் சிரமத்தை மட்டும் குறைக்க விரும்பினால், 2024இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரௌன்' ஆடிப் பாருங்கள். திறக்க முடியாத இடத்தைப் படம் பிடித்து வரைபடத்திலேயே ஒட்டிவைத்துக்கொள்ளலாம். தாவல்களின் கடுமை அப்படியே இருக்கும். "அந்தக் கதவு எங்கே பார்த்தோம்" என்ற தலைவலி மட்டும் போய்விடும். மற்ற நிறுவனங்கள் இதை ஏன் உடனே நகல் எடுக்கவில்லை என்பது எனக்கு வியப்பு.

மீண்டும் மேன்டிஸ் லார்ட்ஸிடம் போவீர்களானால், அவர்களுக்கு மொத்தம் மூன்றே அசைவுகள்தாம் என்பதை நினைவில் வையுங்கள்: தரையோடு பாய்வது, தலைக்கு மேலிருந்து குத்துவது, சுவரில் ஒட்டிக்கொண்டு வளைந்து திரும்பும் ஈட்டியை எறிவது. முதலில் ஒருவர் வருவார், பிறகு இருவர் சேர்ந்து வருவார்கள், அசைவுகள் மாறா. வென்றால் டீப்நெஸ்ட் என்ற பகுதிக்கு வழி திறக்கும், அது இதைவிடக் கொடிய இருட்டு என்பதால் உடனே இறங்கிவிடாதீர்கள். வந்த வழியே ஒருமுறை மேலே ஏறுங்கள். அதுவரை கண்டவுடன் பாய்ந்து வெட்டிய அந்தக் கிராமத்து மேன்டிஸ்கள், நீங்கள் கடந்து செல்லும்போது நின்று தலை குனிந்து வணங்கும்.