முட்டி வலியுள்ள அம்மாவோடு ஒரே நாளில் கடற்கோட்டை: ஜஞ்சிராவா, வசாயா?

மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், வயது 68, முட்டி வலி உண்டு. நாலாவதும் ஏழாவதும் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். கார் கிடையாது. ஒரே நாளில் முருட் ஜஞ்சிரா கோட்டையைப் பார்த்துவிட்டு, பறவை, மரம் என்று கொஞ்சம் நடந்து, ராத்திரிக்குள் வீடு திரும்ப முடியுமா?”

இந்தக் கூட்டணியோடு ஜஞ்சிரா வேண்டாம், அது கடலுக்கு நடுவே இருக்கிற கோட்டை. கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறி மாண்ட்வா, அங்கிருந்து பஸ்ஸில் அலிபாக், இன்னொரு பஸ்ஸில் ஏறக்குறைய 50 கி.மீ. போய் முருட், அப்புறம் ராஜபுரி துறையில் மறுபடி படகு. அந்தப் படகு கோட்டை வாசலில் ஆடிக்கொண்டே நிற்கும், அலை தூக்குகிற நேரம் பார்த்துப் படியில் கால் வைக்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அது ஜாலி, அம்மாவின் முட்டிக்கு அல்ல. அலிபாக் கொலாபா கோட்டைக்கு நீர் வற்றும்போது நடந்தே போகலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஈர மணலும் வழுக்குப் பாறையும் தாண்டவேண்டும், நேரம் தவறினால் திரும்பும்போது தண்ணீர் ஏறிவிடும்.

நான் சொல்வது வசாய் கோட்டை. லோக்கல் டிரெயினிலேயே போகலாம், உள்ளே பெரும்பாலும் சமதரை, அம்மா களைத்தால் உட்கார நிழல் உண்டு. கடலும் கழிமுகமும் சேர்ந்து மூன்று பக்கம் தண்ணீர் என்பதால் நீங்கள் கேட்ட நடையும் அங்கேயே கிடைத்துவிடும்.

வசாய்க்கு விரார் வண்டியில்தான் போக வேண்டும், கூட்டம் என்று பயப்படாதீர்கள். காலையில் கூட்டமெல்லாம் சர்ச்கேட்டை நோக்கி வரும், நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள், மாலையிலும் அதேபோல. அதனால் வார நாள்தான் நல்லது. ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் பிளாக் இருக்கிறதா என்று முதல்நாளே பாருங்கள், கோட்டையிலும் போட்டோ ஷூட் கூட்டம் மொய்க்கும். சயானிலிருந்து தாதர் வந்து வெஸ்டர்ன் லைனுக்கு மாறி விரார் பாஸ்ட் பிடித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வசாய் ரோடு. பயந்தர் தாண்டியதும் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், கழிமுகத்தின் மேல் பாலம் வரும், நடுவில் ஒரு தீவு தெரியும். ஸ்டேஷனின் மேற்குப் பக்கம் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். ‘கில்லா’ (மராத்தியில் கோட்டை) என்றால் போதும்.

என்றைக்குப் போவது என்பதை நீர் வற்றும் நேரம்தான் தீர்மானிக்க வேண்டும், கரையோரச் சேற்றில் நண்டும் மீனும் அப்போதுதான் தெரியும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நண்பகல்வாக்கில் கடல் ஏறி நிற்கும், வற்றுவது காலை ஆறை ஒட்டி. பிறகு தினமும் முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிப்போகும். ஆக சஷ்டி, சப்தமி, அஷ்டமி நாட்களில் பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் நீர் இறங்கியிருக்கும். அஷ்டமி நவமியில் கிளம்புவதா என்று அம்மா முகம் சுளிப்பார், எனவே சஷ்டியோ சப்தமியோ பாருங்கள். காலண்டரில் குறித்துக்கொண்டு, அன்றைய நேரத்தை ஓத அட்டவணையில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கோட்டைக்குள் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க முயலாதீர்கள். குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534ல் ஒப்பந்தம் போட்டு இந்த ஊரை போர்த்துகீசியரிடம் விட்டுக்கொடுத்தார், அவர்கள் உள்ளே ஒரு நகரத்தையே கட்டி இருநூறு வருஷம் இருந்தார்கள். 1739ல் பாஜிராவ் பேஷ்வாவின் தம்பி சிமாஜி அப்பா முற்றுகையிட்டுப் பிடித்தார். இங்குள்ள தேவாலய மணிகளை மராத்தியர்கள் கொண்டுபோய்விட்டார்கள், அவற்றில் ஒன்று நாசிக்கின் நாரோசங்கர் கோயிலிலும் இன்னொன்று பீமாசங்கரிலும் தொங்குகின்றன. மணியில்லாத கோபுரங்களைப் பார்க்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். பிரான்சிஸ்கன் தேவாலயத்தின் தரையில் கல்லறைப் பலகைகள் பதித்திருக்கின்றன, போர்த்துகீசிய எழுத்து ரோமன் லிபிதான், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் ஏழாவது படிக்கிற பிள்ளை அரை மணி நேரம் அங்கிருந்து நகராது. புனித ஜோசப் தேவாலயக் கோபுரத்தில் சுழல்படி இருக்கிறது, இருட்டு, குறுகல். ஏற விட்டிருந்தால் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு போகட்டும், அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நீர் இறங்கும் நேரத்துக்குக் கடல் வாசல் பக்கம் வந்துவிடுங்கள். அங்கே கரையோரம் முழுக்க அலையாத்தி. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள், மிதித்துவிடாமல் பாதையிலேயே நில்லுங்கள். வெண்கண்டல் இலை ஒன்றின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும், மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது. ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்தால் சேற்று வளைகளிலிருந்து நண்டுகள் வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது, அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். சேற்றில் தாவும் மீனும் அங்கேதான். பைனாகுலர் இல்லாவிட்டாலும் இதெல்லாம் தெரியும்.

பக்கத்தில் கில்லா பந்தர் மீனவர் குடியிருப்பு. மழைக்காலம் முடிந்த பிறகு போனால் மூங்கில் பந்தலில் பொம்பில் மீன் (பாம்பே டக்) காய்வதைப் பார்க்கலாம். இரண்டு மீன்களின் தாடையை ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக் கயிற்றில் தொங்க விட்டிருப்பார்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், அது அவர்கள் வீட்டு வாசல்.

புளிசாதமும் தண்ணீரும் கையோடு கொண்டுபோங்கள். கழிப்பறையை ஸ்டேஷனிலோ வழியில் ஓட்டலிலோ முடித்துவிடுவது நல்லது, கோட்டைக்குள் நம்பிப் போகாதீர்கள். 2024ல் ஒரு சிறுத்தை இங்கே வந்து பல நாள் சுற்றி, கடைசியில் கூண்டில் சிக்கியது. அதற்காகப் பதற வேண்டியதில்லை, ஆனால் புதருக்குள் பிள்ளைகளை விடாதீர்கள், இருட்டுவதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே என்றால் பதினொன்றுக்கு மேல் வெயிலும் புழுக்கமும் அம்மாவைப் படுத்திவிடும். மழையில் பச்சை அழகு, பாசியும் பாம்பும் அதோடு சேர்த்தி.

ஜஞ்சிரா ஆசையை விட வேண்டாம். முருட்டில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி இரண்டு நாளாகத் திட்டமிடுங்கள், மழைக்காலத்தில் படகு விடமாட்டார்கள் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.