வாளையார்க் காடு ஏன் மாதிரியில் நகரமாகிறது?

கோவையிலிருந்து பாலக்காடு வரை நகரம் எப்படிப் பரவும் என்று கணிக்கும் ஸ்லூத் (SLEUTH) கணினி மாதிரியை ஓட்டினால் 2040க்குள் மாநில எல்லையிலுள்ள வாளையார்க் காடு முழுக்கக் கட்டடமாகிவிடுகிறது, கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒன்றும் வளரவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், படித்ததும் சிரிப்புதான் வந்தது.

முதலில் விலக்கு அடுக்கை, அதாவது எங்கே கட்டக்கூடாது என்று மாதிரிக்குச் சொல்லும் வரைபடத்தை, திறந்து பாருங்கள். அதில் 0 என்றால் கட்டலாம், 100 என்றால் கட்டவே முடியாது. தமிழ்நாட்டுக் காட்டெல்லையை மட்டும் போட்டுவிட்டுக் கேரளப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தால் அது 0 ஆகத்தான் போகும், தேசிய நெடுஞ்சாலை 544 வேறு நடுவே ஓடுகிறதா, சாலை ஈர்ப்பு வளர்ச்சியை அப்படியே காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். பாலக்காட்டுக் கணவாய் பெரும்பாலும் சமதளம், சரிவு தடுக்காது. அப்புறம் சரிவைச் சதவீதத்தில்தானே கொடுத்தீர்கள்? 45 டிகிரி என்பது 100 சதவீதம், டிகிரியிலேயே விட்டால் மலையும் வெறும் மேடாகிவிடும்.

எங்கள் ஊர் விஷயம் வேறு. இங்கே வீடுகள் தென்னந்தோப்புக்குள் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கின்றன, லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர், மேலிருந்து பார்த்தால் ஓலைதான் தெரியும். நீங்கள் மாதிரிக்குக் கொடுக்கும் நான்கு வெவ்வேறு வருடங்களின் படங்களிலும் வீடே இல்லையென்றால் மாதிரி எதை வளர்க்கும்? சமீபத்திய வருடத்துக்காவது சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் படத்தை வைத்துக் கையால் திருத்துங்கள். இரண்டு மாநிலத்தையும் தனித்தனியாக அளவுதிருத்துங்கள் (பழைய வளர்ச்சியோடு ஒத்துப்போகும்படி மாதிரியைச் சரிசெய்யுங்கள்), வளர்ச்சியின் போக்கைத் தீர்மானிக்கும் ஒரே ஐந்து குணகங்கள் இரண்டுக்கும் பொருந்தாது. கேரளத்தில் வயலை மண்போட்டு நிரப்புவதைத் தடுக்கும் 2008 நெல்வயல் சட்டம் இருக்கிறது, ஆனாலும் விலக்கு அடுக்கில் வயலுக்கு 100 போடாமல் 70, 80 என்று வைத்துப் பாருங்கள், சட்டம் வந்தும் மண்ணடிக்கிற லாரி நிற்கவில்லையே.