மக்காச்சோளத்துல களையும் படைப்புழுவும் ஒண்ணா வந்துருச்சு, எல்லா மருந்தையும் ஒரே டேங்க்ல கலக்கலாமா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை பக்கம். 4 ஏக்கர் கரிசல், மானாவாரி மக்காச்சோளம், 18 நாள் பயிர். விதைச்ச மறுநாளே மழை புடிச்சதால, களை முளைக்குறதுக்கு முன்னாடியே அடிக்கிற அட்ரசின் களைக்கொல்லியை அடிக்க முடியல. இப்ப சாரணை, பார்த்தீனியம், கோரை எல்லாம் ஏறி வருது, குருத்துல புழுவும் இருக்கு. களையெடுக்க ஆள் கிடைக்கல. ஒரு நாள் வெறிச்சா மறுநாள் மழை. கடையில களைக்கொல்லி, புரோபினோபாஸ் சேர்ந்த புழு மருந்து, டானிக் மூணையும் ஒண்ணா கலந்து அடிங்கன்னு குடுத்துட்டாங்க. அடிக்கலாமா? வரப்போரம் தட்டைப்பயறும் போட்டுருக்கேன்.

பதில்: அண்ணே, தயவுசெஞ்சு கலக்காதீங்க. ஒரு நாள்தான் வெறிக்குதுங்குற உங்க அவசரம் புரியுது, ஆனா இந்தக் கலவை பயிரையே கருக்கிரும். மக்காச்சோளத்துல முளைச்ச களைக்கு அடிக்கிற மருந்து பயிர் மேலயும்தான் விழுது, பயிர் அதை உள்ள வாங்கி உடைச்சுத் தள்ளிட்டு தப்பிக்குது, களையால அது முடியாது. புரோபினோபாஸ் மாதிரி பாஸ்பரஸ் ஜாதிப் பூச்சிமருந்து கூட சேர்ந்தா சில களைக்கொல்லிகளுக்கு பயிரோட அந்த சக்தியே தடைபட்டுப் போகும், அப்புறம் குருத்து வெளுத்து பயிர் நின்னுரும். களைக்கொல்லிக்கும் புரோபினோபாஸுக்கும் நடுவுல ஒரு வாரமாவது இடைவெளி வேணும். எமாமெக்டின்னு இன்னொரு புழுமருந்து இருக்கு, அது அப்படிப் பண்ணாதுதான், ஆனாலும் சேர்க்க வேணாம், ஏன்னா களைமருந்து களையோட இலை பூரா பரவலா நனையணும், அதுக்கு விசிறி மாதிரி தட்டையா அடிக்கிற பிளாட் ஃபேன் நாசில், புழுமருந்து குருத்துக்குள்ள இறங்கணும், அதுக்கு கூம்பு மாதிரி அடிக்கிற கோன் நாசிலை குருத்துக்கு மேல நேரா புடிச்சு அடிக்கணும், ஒரே நடையில ரெண்டையும் அடிச்சா ரெண்டுமே அரைகுறைதான்.

முதல்ல தண்ணி. கரிசல்ல இந்த வயசு மக்காச்சோளம் ரெண்டு மூணு நாள் தண்ணி கட்டி நின்னாலே வேர் மூச்சு முட்டி அடியிலை மஞ்சளாயிரும். மண்வெட்டி எடுத்துட்டுப் போய் தாழ்வான பக்கம் வாய்க்கா வெட்டி விடுங்க, இதுக்கு வெறிக்கணும்னு காத்திருக்க வேணாம். மஞ்சளைப் பாத்து யூரியா போட்டுறாதீங்க, இப்ப போட்டா தண்ணியோட போனது போக மிச்சத்தை களைதான் தின்னும்.

அப்புறம் புழுவை எண்ணணும். காட்டுல அஞ்சு இடத்துல 20, 20 செடி குருத்தை விரிச்சுப் பாருங்க. ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம் இருந்து, புழு தலையில தலைகீழா ஒய் எழுத்தும் வால்கிட்ட சதுரமா நாலு கரும்புள்ளியும் தெரிஞ்சா அது படைப்புழுதான். 100 செடிக்கு 10க்குக் கீழ இருந்தா இப்ப அவசரமே இல்ல, நல்ல மழையில குருத்துல தண்ணி நின்னு குட்டிப்புழு நிறைய செத்துரும். வெறிக்கிற நாளை களைக்குக் குடுங்க. 10க்கு மேலன்னா புழுவுக்கு முதல்ல அடிங்க, எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி 10 லிட்டருக்கு 4 கிராம், சாயங்காலமா, ஏன்னா ராத்திரிதான் புழு வெளிய வந்து தின்னும். அடிச்சபிறகு நாலு மணி நேரமாவது மழை இல்லாம இருக்கணும், மேகதூத் ஆப்ல உங்க மாவட்ட வானிலையைப் பாத்துட்டு கிளம்புங்க.

களைக்கு டெம்போட்ரியோன்ங்குற களைக்கொல்லி ஏக்கருக்கு 115 மில்லி, கூட வர்ற ஒட்டுதிரவத்தையும் சேர்த்து 200 லிட்டர் தண்ணில. களை நாலு இலைக்குள்ள இருந்தாதான் கேக்கும், பெருசானதுக்கு காசு வேஸ்ட், அதை பவர் வீடரோ களைக்கொட்டோதான் எடுக்கணும். கோரை இதுக்கு சரியா சாகாது. தட்டைப்பயறு மேல பட்டா அது போச்சு, அதனால வரப்பை ஒட்டி ரெண்டு வரிசையை விட்டுட்டு கையால எடுத்துக்குங்க, அந்தத் தட்டைப்பயறுல நன்மை பூச்சி வந்து தங்கும், அதை இழந்துறாதீங்க. களைமருந்து அடிச்ச டேங்கை சோப்பு போட்டு நல்லா கழுவிட்டுதான் அடுத்ததை ஊத்தணும்.

டானிக்கை கடையில திருப்பிக் குடுத்துருங்க, 18 நாள் பயிருக்கு அது தேவையே இல்ல. களை அடங்கி மண் மேல ஈரம் காஞ்சதும், 25 நாள் வாக்குல யூரியா மேலுரம் வைங்க.

இன்னொண்ணு, இதை நான் யார் கேட்டாலும் சொல்லுவேன். 2017ல மகாராஷ்டிரா யவத்மால்ல பருத்திக்கு மருந்து அடிச்சவங்க 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க, ஆளுயரப் பயிருக்குள்ள நின்னு அடிச்சதும் பல மருந்தைக் கலந்ததும் காரணமா பேசப்பட்டுச்சு. உங்க பயிர் இப்ப முழங்கால் உயரம்தான், ஆனாலும் முழுக்கை சட்டை, மாஸ்க், கையுறை போடாம காட்டுல இறங்காதீங்க, காத்து அடிக்கிற திசைக்கு எதிரா நடக்காதீங்க. 40, 45 நாள்ல பயிர் நெஞ்சு உயரம் வந்தபிறகு மறுபடி புழு இருந்தா எமாமெக்டினையே திரும்ப அடிக்காம ஸ்பைனிடோரம் 11.7 எஸ்சி, 10 லிட்டருக்கு 5 மில்லி மாத்துங்க, ஒரே மருந்தை அடிச்சா புழு பழகிரும். நடுவுல சந்தேகம்னா கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழ்லயே பேசலாம்.