மழையில் ஓடும் ஆட்கள், மரப்பாலம்: அது நிஹோன்பாஷி இல்லை

தாத்தாவின் பெட்டியில் கிடைத்த ஜப்பானியப் படத்தில் இருப்பது நிஹோன்பாஷிப் பாலமா, படம் அசலா என்று கேட்டிருந்தீர்கள். குடையும் பாயுமாக ஓடும் ஆட்கள், பின்னால் தனியாகத் தெப்பம் தள்ளுபவர் என்று நீங்கள் எழுதியதுமே புரிந்துவிட்டது. இது ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வரைந்த ஷின் ஓஹாஷிப் பாலம். எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், சுமிதா ஆற்றின் மேல் 1693இல் முதலில் கட்டிய மரப்பாலம். டச்சு ஓவியர் வான்கோ 1887இல் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்ததும் இதே படத்தைத்தான்.

சரி, அசலா? லென்ஸ் வைத்து மழைக்கோடுகளைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இயந்திர அச்சு, அவ்வளவுதான். கோடு முழுசாக இருந்தால் தாளைத் திருப்பிப் பாருங்கள். மரக்கட்டை அச்சில், அதாவது படத்தை மரத்தில் செதுக்கிச் சாயம் தடவித் தாளில் பதிக்கும் முறையில், சாயம் ஊறி மறுபக்கம் நிழல்போலத் தெரியும். ஆனால் அது மட்டும் 1857க்குச் சாட்சி ஆகாது. பின்னாளில் புதிதாகக் கட்டை செதுக்கியும் இதை அச்சிட்டிருக்கிறார்கள். அதனால் தெரிந்தவர் ஒருவர் நேரில் பார்ப்பதே நல்லது.

எதுவானாலும் அந்த மழையை நிதானமாகப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் இரண்டு சாய்வில் ஒன்றையொன்று வெட்டிப் போகும். ஒவ்வொரு கோட்டையும் மேடாக நிற்கவிட்டு, சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்த கை அது!

அப்புறம், தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள். வெயில் படும் சுவரிலும் மாட்டாதீர்கள், நிறம் வெளுத்துவிடும்.